கயிறு பிடித்தவர்கள்

விண்ணரசை விலையுயர்ந்த முத்துக்கு ஒப்பிட்டு இயேசு பெருமான் கூறிய உவமையை நாம் அனைவரும் அறிவோம். மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் அது இரண்டே வசனங்களில் முடிந்துவிடுகிறது. வணிகர் ஒருவர் நல்முத்துகளைத் தேடி அலைகிறார். ஒப்பற்ற முத்து ஒன்றைக் கண்டதும் தமக்குள்ள யாவற்றையும் விற்று அதை வாங்கிக்கொள்கிறார். குருத்துவப் பணியில் கால் நூற்றாண்டுக்கு மேலாக இவ்வுவமையை மக்களுக்கு விளக்கி வந்திருக்கிறோம். வணிகரின் துணிவைப் போற்றியிருக்கிறோம். முத்தின் அருமையை எடுத்துரைத்திருக்கிறோம். ஆனால், அம்முத்தைக் கடலடியிலிருந்து எடுத்து வந்தவர் யார், அவர் மூச்சடக்கி மூழ்கியிருந்தபோது மேலே படகில் நின்றவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அக்கேள்வியை நம் உள்ளத்தில் எழுப்பியது, சென்ற கோடையில் மேற்கொண்ட புன்னைக்காயல் பயணமே.

சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்தின் கடைமடைப் பகுதியில் அமைந்த சிற்றூர்ப் பங்கு நம்முடையது. மக்களுள் பெரும்பாலோர் உழவர். குத்தகை நிலத்தில் நெல்லும், நெல்லுக்குப் பின் உளுந்தும் விளைவிப்போர். கடல் எங்களுக்குத் தொலைவில் இல்லை. ஆயினும் 2004 டிசம்பர் 26ஆம் நாளுக்குப் பின் கடல் என்ற சொல்லே பலருக்கு நடுக்கத்தைத் தருகிறது. அன்று கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் ஆழிப்பேரலைக்கு இரையாயினர். ஆகவே, "முத்துக்குளித்துறைக்குத் திருப்பயணம்" என்று ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவித்தபோது, பெயர் கொடுத்தோர் 27 பேரே. அவர்களுள் எழுபது வயதைக் கடந்த ஒரு தாயும் இருந்தார். ஆலயத்தில் நாள்தோறும் இரண்டாம் தூணருகே அமர்பவர். அவர் எதற்காக இத்தனை தொலைவு வர விரும்பினார் என்பது அப்போது நமக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் வராதிருந்தால் நன்றாயிருக்குமே என்றுகூட ஒரு கணம் நினைத்தோம். அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

சிதம்பரம் நிலையத்தில் இரவு செந்தூர் விரைவு வண்டியில் ஏறினோம். பெட்டியில் பாதிப்பேர் திருச்செந்தூர் முருகனைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள். அவர்கள் பாடல் ஓய்ந்தபின் நாங்கள் செபமாலை சொன்னோம். செபமாலை முடியும்வரை காத்திருந்த ஒரு பெரியவர், தம் தூக்குச்சட்டியைத் திறந்து எங்கள் பிள்ளைகளுக்குச் சுண்டல் பகிர்ந்தளித்தார். மறுநாள் காலை ஆறுமுகநேரியில் இறங்கினோம். உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன. பச்சை வயலையே பார்த்துப் பழகிய எங்கள் மக்கள், "சாமி, இங்கே மண்ணும் வெள்ளை, வானமும் வெள்ளை" என்று வியந்தனர்.

முதலில் கொற்கைக்குச் சென்றோம். பாண்டியரின் துறைமுகமாய்ச் சங்க இலக்கியம் புகழும் அக்கொற்கையில் இன்று கடல் இல்லை. தாமிரபரணி ஆண்டாண்டு காலமாய்க் கொணர்ந்து கொட்டிய வண்டல், கடலை 6, 7 கிலோமீட்டர் தொலைவுக்குத் தள்ளிவிட்டது. வாழைத் தோட்டங்களும், முதிர்ந்த ஒரு வன்னி மரமும், அமைதியான ஒரு சிற்றூருமே அங்கே உள்ளன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடற்பயணக் குறிப்பு ஒன்று, கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. அரசனுடைய முத்துச் சலாபத்தில் தண்டனை பெற்ற கைதிகளே இறக்கப்பட்டனர் என்கிறது அது. வண்டியில் இதை விளக்கியபோது, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "ஃபாதர், கைதியைக் கடலில் இறக்கினால் அவன் இடுப்புக் கயிற்றை யார் பிடித்திருப்பார்? காவலாளா?" அவனுக்கு மறுமொழி கூற நம்மால் இயலவில்லை. காவலன் பிடிக்கும் கயிறும் கயிறுதான். உறவினன் பிடிக்கும் கயிறும் கயிறுதான். ஆனால் ஒன்று தப்பிச் செல்லாதிருக்க. மற்றொன்று உயிரோடு மீண்டுவர.

கொற்கைக்குப் பின் காயல் தழைத்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பைப் பற்றி விரிவாகவே எழுதிவைத்தார். கடலில் கிடைத்த முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. கொடிய மீன்கள் தீண்டாதபடி மந்திரம் ஓதுவோருக்கு இருபதில் ஒரு பங்கு என்பது அவர் தரும் கணக்கு. மூழ்குவோரின் அச்சம் எத்துணைப் பெரியதாயிருந்தால், காணாத காவலுக்கு இத்தனை விலை கொடுத்திருப்பார்கள்! காயலும் வண்டலில் ஒதுங்கியபின், ஆற்றின் முகத்துவாரத்தில் எழுந்ததே புன்னைக்காயல்.

அவ்வூரை அடையும்போது நண்பகல் ஆகிவிட்டது. சாலை அங்கே முடிந்துவிடுகிறது. அப்பால் ஆறு, மணல் திட்டு, கடல். முகத்துவாரத்தின் ஓரத்தில் அலையாத்திச் செடிகளைக் கண்டதும் எங்கள் பெண்கள், "நம்ம பிச்சாவரம் போலவே" என்று மகிழ்ந்தனர். தில்லை மரத்தால் பெயர் பெற்ற ஊரின் மக்கள், புன்னை மரத்தால் பெயர் பெற்ற ஊரில் வந்து நின்றோம். வலை பின்னுவோர் நிமிர்ந்து பார்த்தனர். "எந்த ஊரு சாமி?" என்றார் ஒருவர். "சிதம்பரம் பக்கம்" என்றதும், "அம்புட்டுத் தூரத்துலயிருந்தா!" என்று எழுந்து, தம் வீட்டுத் திண்ணையிலேயே எங்கள் உணவுப் பொட்டலங்களைப் பிரிக்க இடம் கொடுத்தார்.

இந்தச் சிற்றூருக்குத் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றில் உள்ள இடத்தை எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடும். முத்துக்குளித்துறைப் பரதவர்கள், முத்து வணிகத்தில் ஏற்பட்ட பூசலால் நெருக்குண்டு, தங்கள் பட்டங்கட்டிகளைக் கொச்சிக்கு அனுப்பினர். குதிரை வணிகரான யோவான் த குரூஸ் என்பவர் அவர்களுக்கு வழிகாட்டினார். 1536, 37ஆம் ஆண்டுகளில் இக்கரையில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். அது பாதுகாப்புக்காக நிகழ்ந்த மனமாற்றம் என்று சொல்வோர் உண்டு. நாம் அதை மறுக்க வேண்டியதில்லை. மூழ்குகிறவன், தன்னை நோக்கி வரும் கயிற்றின் மறுமுனையில் இருப்பவரது இறையியலை ஆராய்ந்துகொண்டிருப்பதில்லை. ஆராய வேண்டியது வேறொன்று: கயிற்றை நீட்டியவர்கள் அதை இறுதிவரை பிடித்திருந்தார்களா என்பதே.

தொடக்கத்தில் பிடிக்கவில்லை. திருமுழுக்கு அளித்த குருக்கள் திரும்பிச் சென்றனர். மக்களுக்குச் செபம் தெரியாது. சொல்லித்தரத் தமிழ் தெரிந்த குருவும் இல்லை. ஐந்தாறு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்தார். இரு மொழியும் அறிந்த உள்ளூர் மக்கள் சிலரின் துணையுடன் செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். அவருடைய தமிழ் குறையுடையதாகவே இருந்தது, அன்பு குறையுடையதாயில்லை. 1544இல் வடுகர் படை கடற்கரை ஊர்களைச் சூறையாடியபோது, தப்பியோடிய மக்களுக்கு உணவும் நீரும் கிடைக்கச் செய்ய அலைந்தார்.

சவேரியார் தொடங்கியதை நிலைநிறுத்தியவர், 1547இல் இக்கரை சேர்ந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். அண்டிரிக் அடிகளார் என்று தமிழுலகம் அவரை அறியும். போர்த்துக்கல் நாட்டில் யூத வழிமரபில் வந்த குடும்பத்தில் பிறந்ததால், துறவு சபை ஒன்றிலிருந்து விலக்கப்பட்டவர். பின்னர் இயேசு சபையில் சேர்ந்தவர். ஒதுக்கப்படுவதன் வலியை உணர்ந்தவர் என்பதாலோ என்னவோ, இம்மக்களின் பேச்சைக் கற்பதையே தம் முதற்பணியாகக் கொண்டார். புன்னைக்காயலில் மக்களின் கொடையால் நடந்த மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது. அவர் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கம் கொண்ட அச்சிறு நூல், இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் முதலாவது. மறு ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586இல், 600 பக்கங்களைத் தாண்டிய 'அடியார் வரலாறு' வந்தது. அதை அச்சிட்ட இடம் இந்தப் புன்னைக்காயலே என்று அறிஞர் கருதுவர். நூல்களை அச்சிடும் செலவுக்குப் பொருள் தந்தவர்கள் இக்கரைப் பரதவர்களே. நம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர் தமிழ்நாட்டில் கால் வைப்பதற்கு நூற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. 1967இல் இராசமாணிக்கம் அடிகளார் அந்நூலைத் தூத்துக்குடியில் மீண்டும் பதிப்பித்தார்.

அண்டிரிக் அடிகளார் 1600ஆம் ஆண்டு, தம் எண்பதாம் வயதில் காலமானார். 53 ஆண்டுகள் ஒரே கரையில்! மாற்றல் ஆணை வருமுன்பே அடுத்த பங்கைப் பற்றி எண்ணத் தொடங்கிவிடும் நம்மைப் போன்றோருக்கு, அந்த எண்ணே ஒரு மறையுரை.

மாலையில், எங்களுக்குத் திண்ணை கொடுத்தவர், தம் பெரியப்பாவை அழைத்து வந்தார். எண்பதைக் கடந்த முதியவர். கண் மங்கியிருந்தது, குரல் மங்கவில்லை. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது. அத்தொடரே கடைசி. அதற்குப்பின் இன்றுவரை நடக்கவில்லை. 1961இல் கடலுக்குச் சென்றவர்களுள் இவரும் ஒருவர். "நீங்கள் முத்துக் குளித்தீர்களா, ஐயா?" என்று கேட்டோம்.

"இல்லை சாமி. நான் குளிக்கல. எங்க அத்தான் குளிச்சாரு. நான் கயிறு பிடிச்சேன்."

பிறகு, எங்கள் பிள்ளைகள் சூழ்ந்து அமர, அவர் விளக்கினார். முத்துச் சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். ஐந்து முதல் பத்து பாகம் ஆழம். ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், ஏறத்தாழ ஆறடி. குளிப்பவர் கனமான கல்லைக் கட்டிய கயிற்றில் கால் பதித்து நிற்பார். கையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். கல் அவரை விரைவாக அடிக்குக் கொண்டுசெல்லும். கால் தரையில் பட்டதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். அவர் கழுத்தில் தொங்கும் வலைப்பையில் சிப்பிகளை வாரிப் போடுவார். ஏறத்தாழ ஒரு நிமிடம். மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவார். சுண்டியவுடன் மேலேயிருப்பவர் இரு கையாலும் இழுக்க வேண்டும். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முறை இவ்வாறு.

"அவருக்கு ஒரு நிமிசம்தான் சாமி மூச்சுப் பிடிக்கிறது. எனக்கு நாள் முழுக்க. பக்கத்துத் தோணியில ஆளு பேசுவான், திரும்பப்படாது. தாகம் எடுக்கும், செம்பைத் தேடப்படாது. கண்ணு தண்ணியில, கை கயித்துல. சுண்டுறது எப்பவும் பலமா இருக்காது. மூச்சுத் தவிச்சுப்போனவன் மெதுவாத்தான் சுண்டுவான். அது அலை அசைக்கிறதா, அவன் அசைக்கிறானான்னு கை சொல்லணும்."

கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் மனைவியின் உடன்பிறந்தவராயிருப்பார் என்பது தமிழ்க் கடற்கரையெங்கும் வழங்கும் செவிவழிச் செய்தி. காரணத்தைக் கேட்டபோது முதியவர் சிரித்தார். "அண்ணன் தம்பின்னா சொத்துத் தகராறு இருக்கும். கயித்தை விட்டா எனக்கு என்ன போகும்? எங்கக்கா தாலியில்லா போகும்! அதுக்குத்தான் மச்சான் கையில கயிறு."

எங்கள் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தனர். அந்தத் தாய் சிரிக்கவில்லை.

முத்தைப் பற்றிப் பிள்ளைகள் பலவும் கேட்டனர். மணல் துகள் சிப்பிக்குள் புகுந்து முத்தாகிறது என்று நம் மறையுரைகளில் எத்தனையோ முறை கூறியிருக்கிறோம். பெரும்பாலும் அது மணல் அன்று; ஒட்டுண்ணியோ, உள்ளே பட்ட காயமோதான் என்பது கடலியலாரின் முடிவு. ஆயிரக்கணக்கான சிப்பிகளை அழுகவிட்டு, அலசிப் பார்த்தால் சில முத்துகள் தேறும். ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கே குளித்தவர்களுக்கு. சிப்பிகள் பார்களில் முன்போல் தங்கிப் பெருகாததால் முத்துக்குளிப்பு நின்றது. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் உட்கருவைப் பொருத்தி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். அதில் மூழ்குவோருக்கும் கயிறு பிடிப்போருக்கும் வேலை குறைவு. "நீங்கள் கயிறு பிடித்த நாளில் பெரிய முத்து ஏதும் கிடைத்ததா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "முத்தை யார் பார்த்தா, பாப்பா? சிப்பியோட கரைக்கு வந்துரும், ஏலத்துல போயிரும். அத்தான் தலை தண்ணிக்கு மேல தெரியுதான்னுதான் பார்த்தேன். அம்பது தரம் தெரிஞ்சுது. அது போதும்" என்றார்.

முன்னர்ச் சொல்லாது நிறுத்தியதை இங்கே சொல்லியாக வேண்டும்.

நம் பங்கில் நாம் பணிபுரிவது இது இரண்டாம் முறை. முதன்முறை அங்கிருந்தபோது, 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையில் கடலூர் மாவட்டத்து வயல்கள் மூழ்கின. எங்கள் பகுதியிலும் சம்பா பயிர் அழுகிப்போயிற்று. நிவாரணப் பொருள்கள் வந்தன. பட்டியல் எடுப்பதும், கணக்கு எழுதுவதும், பற்றுச்சீட்டுகளை அடுக்குவதுமாய் இரவும் பகலும் கழிந்தன. அவ்வேளையில் ஓர் இளைஞர் பங்கு இல்லத்துக்கு மூன்று மாலைகள் வந்தார். அந்தத் தாயின் ஒரே மகன். முதல்நாள் வாசலில் நின்று, "சாமி, கொஞ்சம் பேசணும்" என்றார். "கணக்கு முடியட்டும் தம்பி, நாளைக்கு வா" என்றோம். மறுநாள் வந்தார், அரிசி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. "பட்டியலில் உன் பெயர் இருக்கிறது, கவலைப்படாதே" என்று முதுகில் தட்டி அனுப்பினோம். மூன்றாம் நாள் வாயிற்கதவருகே சிறிது நேரம் நின்றார். நாம் நிமிர்ந்து பார்த்தோம். கை ஏடுகளில் இருந்தது. மீண்டும் நிமிர்ந்தபோது அவர் இல்லை.

பொங்கலுக்கு முன் ஓர் இரவில், மனைவியையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அவர் திருப்பூருக்குச் சென்றுவிட்டார். குத்தகை நிலத்துக்காக வாங்கிய கடன், வட்டிக்கு வட்டியாய்ப் பெருகி, வீட்டு வாசலில் வந்து நின்று வசைபாடும் அளவுக்கு முற்றியிருந்தது. அவர் கேட்க வந்தது பணம் அன்று. கடன் கொடுத்தவரிடம் சாமி ஒரு வார்த்தை பேசினால் அடுத்த அறுவடைவரை தவணை கிடைக்கும் என்று அவர் நம்பினாராம். இதை அடுத்த வீட்டார் சொல்லித்தான் அறிந்தோம். ஒரு வார்த்தை, அவ்வளவே. நிவாரணக் கணக்கு ஒரு காசும் பிசகாமல் முடிந்தது. மேலிடத்திலிருந்து பாராட்டும் வந்தது.

அந்தத் தாய் நம்மை ஒருநாளும் குறை கூறியதில்லை. மாற்றலாகிச் சென்று, ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தபோதும், அதே தூணருகே அமர்ந்திருந்தார். "நல்லாயிருக்கீங்களா சாமி?" என்று கேட்டார். மகனைப் பற்றி நாமும் கேட்கவில்லை, அவரும் கூறவில்லை. அவர் முகத்தைப் பார்த்து நற்கருணை வழங்கும்போதெல்லாம் நம் கண்கள் தாழும். கணக்கு ஏடுகளில் இருந்த நம் கைக்கு, ஒருவர் மூன்று முறை கயிற்றைச் சுண்டியது தெரியவில்லை. அலை அசைக்கிறது என்றே நினைத்துவிட்டோம்.

எரேமியா இறைவாக்கினரைச் சேறு நிறைந்த பாழ்கிணற்றில் இறக்கிவிட்ட நிகழ்ச்சியைத் திருநூலில் படிக்கிறோம். அவரை மீட்டவர் எபேது மெலேக்கு என்னும் எத்தியோப்பியர், அரண்மனை ஊழியர், அந்நிய நாட்டவர். அவர் கயிற்றை மட்டும் இறக்கவில்லை. கந்தல் துணிகளைத் தேடி எடுத்துவந்து, அவற்றை அக்குளில் வைத்துக்கொண்டு கயிற்றைப் பூட்டிக்கொள்ளும்படி கூறினார் என்று 38ஆம் அதிகாரம் குறிக்கிறது. கயிறு அறுக்கும், வலிக்கும் என்பதுவரை எண்ணிய உள்ளம்! குருமடத்தில் எரேமியா நூலை ஒரு பருவம் முழுதும் கற்றோம். அதன் அமைப்பு, காலம், பதிப்பு வரலாறு யாவும் தேர்வில் எழுதினோம். அந்தக் கந்தல் துணி அப்போது கண்ணில் படவில்லை. நிவாரணப் பொருள்களை வழங்குவது கயிற்றை இறக்குவது போன்றது. கந்தல் துணியைத் தேடி எடுப்பது, வாசலில் நிற்பவரை உள்ளே அழைத்து அமரச் செய்வது.

பொழுது சாய்ந்தது. பிள்ளைகள் மணலில் சிப்பி பொறுக்கினர். அந்தத் தாய் முகத்துவாரத்தைப் பார்த்தபடி தனித்து அமர்ந்திருந்தார். அருகே சென்று அமர்ந்தோம். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே தொடங்கினார்.

"சாமி, அந்தப் பெரியவர் சொன்னாரே, மெதுவாத்தான் சுண்டுவான்னு..."

"ஆம், அம்மா."

"எம் மவன் வந்தப்ப நீங்க வேலையா இருந்தீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா அதுக்கு முன்னாலயே, ஒரு மாசமா அவன் ராத்திரி சாப்பிடாம படுத்தான். வவுத்து வலின்னு சொன்னான். நானும் கசாயம் வெச்சுக் குடுத்தேன். பெத்தவ கைக்கே தெரியலையே சாமி."

நம் குற்றத்தைத் தாம் சுமந்துகொண்டு, இத்தனை ஆண்டுகள் அந்தத் தூணருகே அவர் அமர்ந்திருந்தார்! "அம்மா, அவர் தேடி வந்தது எங்களிடம். தவறு எங்களுடையது, உங்களுடையது அன்று. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றோம். சொல்லி முடிக்கும்போது குரல் நமக்கு ஒத்துழைக்கவில்லை. மன்னிப்பு வழங்குவதையே தொழிலாய்க் கொண்டவருக்கு, அதைக் கேட்பது எத்துணை அரிதாயிருக்கிறது!

அவர் மறுமொழி ஏதும் சொல்லவில்லை. மடியிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, நான்காய் மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். பேரப்பிள்ளையின் எழுத்தில் ஓர் எண். "மாசத்துக்கு ஒருதரம் அவனே பேசுவான். நீங்க ஒருதரம் பேசுனா..." என்று நிறுத்தினார். இதற்காகத்தான் இத்தனை தொலைவு வந்தாரோ என்று அப்போது தோன்றியது. ஊரில், ஆலயத்தில், நால்வர் பார்க்கும் இடத்தில் இதைக் கேட்க அவருக்கு வழியிருந்திருக்காது.

கரையிலிருந்தே அழைத்தோம். மணி நான்கைந்து முறை ஒலித்தபின், தறிச் சத்தம் போன்ற ஓர் இரைச்சலுக்கிடையே அவர் குரல் கேட்டது. நாம் யாரென்று சொன்னதும் அமைதி. பிறகு, பதறிய குரலில், "சாமி, அம்மாவுக்கு ஏதாவது..." என்றார். பங்குச் சாமியாரிடமிருந்து அழைப்பு வந்தால் அது துயரச் செய்தியாகவே இருக்கும் என்று மக்கள் எண்ணும்படி நாம் வாழ்ந்திருக்கிறோம். "அம்மா நலமாயிருக்கிறார். இதோ அருகில் இருக்கிறார். அன்று நீங்கள் மூன்று முறை வந்தீர்கள். அதைக் கேட்கத்தான் அழைத்தோம்" என்றோம். மீண்டும் அமைதி. இரைச்சல் குறைந்தது; அவர் வெளியே வந்திருக்க வேண்டும். பிறகு பேசத் தொடங்கினார். அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார். அவர் கூறியவை அவருக்கும் இறைவனுக்கும் உரியவை, எழுதுவதற்கல்ல. நாம் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை. அறிவுரை கூறும் பழக்கம் நாவின் நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டோம். கைப்பேசியை இரு கையாலும் பிடித்திருந்ததைப் பின்னரே உணர்ந்தோம்.

மறுநாள் மணப்பாட்டுக்குச் சென்று, குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயத்தையும், சவேரியார் தங்கியதாகக் கூறப்படும் குகையையும் தரிசித்தோம். தூத்துக்குடியில் பனிமய அன்னையின் பேராலயத்தில் திருப்பலி நிறைவேற்றினோம். அன்றைய மறையுரையில் முத்து உவமையையே எடுத்துக்கொண்டோம். அந்த வணிகரின் கையில் ஒளிர்ந்த முத்துக்காக யாரோ ஒருவர் மூழ்கியிருக்க வேண்டும். யாரோ ஒருவர் மேலே கண் இமைக்காமல் நின்றிருக்க வேண்டும் என்று கூறினோம். உவமையில் அவர்களுக்கு இடமில்லை. ஆயினும் நம்மை மீட்க இறங்கி வந்த இறைமகனின் இடத்தை நாம் அங்கேதான் தேட வேண்டும் என்று நினைக்கிறோம். பாவத்தின் ஆழத்துக்குத் தாமே இறங்கியவர் அவர். கைவிடப்பட்டதுபோல் சிலுவையில் தவித்தவரும் அவரே. மூன்றாம் நாள் தந்தையின் கரம் அவரை மேலே இழுத்தது. அந்தக் கயிறு அறுந்துபோகவில்லை என்பதுதானே நம் நம்பிக்கை.

அன்பார்ந்த வாசகர்களே, நம் இல்லங்களிலும் மூழ்கியிருப்போர் உண்டு. வயிற்றுவலி என்று சொல்லி உண்ணாமல் படுக்கும் மகன், தேர்வு முடிவுக்குப்பின் பேச்சைக் குறைத்துக்கொண்ட மகள், "ஒன்றுமில்லை" என்று மூன்று முறை சொல்லும் மனைவி, மாலையில் வந்து தேநீர் குடித்துவிட்டு எதுவும் கேட்காமல் எழுந்து செல்லும் நண்பர். அவர்களின் சுண்டல் பலமாக இராது. அன்பியக் கூட்டங்களில் பட்டியல்கள் தயாரிக்கிறோம், அவை வேண்டியவையே. பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் கரை சேர்ந்துவிடுவதில்லை.

பங்கு இல்லத்தில் இப்போது ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். மாலை 6 மணி முதல் 7 மணி வரை கணக்கு ஏடுகள் அலமாரிக்குள் இருக்கும். மேசையின் எதிரே ஒரு நாற்காலி. பல மாலைகளில் யாரும் வருவதில்லை. கொசுக்களோடு தனித்து அமர்ந்திருக்கிறோம். கயிறு பிடிப்போருக்கு அதுதானே வேலை.

திருப்பூரிலிருந்து அந்த இளைஞர் இரண்டு முறை பேசினார். கடன் கொடுத்தவரைச் சந்தித்தோம். எட்டு ஆண்டுகளுக்கு மேல் தாமதித்துச் சொன்ன அந்த ஒரு வார்த்தையையும் அவர் காதுகொடுத்துக் கேட்டார். தை அறுவடைக்குக் குடும்பத்தோடு வருவதாக மகன் கூறியிருக்கிறார். வருவாரோ, அறியோம். தாய் மட்டும் இரண்டாம் தூணருகே, பக்கத்தில் சிறிது இடம் விட்டு அமரத் தொடங்கியிருக்கிறார்.